18ஆம் நாளுக்குப் பிறகு எச்சம் இளகுகிறது: கறிக்கோழிக்குப் பிரீபயாடிக் கொடுக்கலாமா?

பல்லடம் பண்ணையாளர்

அனைவருக்கும் வணக்கம். பல்லடம் பகுதியில் தலா 2,500 கோழிகள் கொள்ளும் இரண்டு கொட்டகைகளில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்த்து வருகிறேன். குஞ்சு, தீவனம், மருந்து ஆகிய மூன்றையும் நிறுவனம் தருகிறது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தேங்காய் நார்த்தூள், ஆள்கூலி ஆகியவை என் பொறுப்பு.

கடந்த மூன்று பேட்ச்களாக ஒரே தொல்லை. முதல் இரண்டு வாரங்கள் குஞ்சுகள் நன்றாக வளர்கின்றன. ஏறக்குறைய 18ஆம் நாளிலிருந்து எச்சம் இளகி, அதில் தீவனத் துணுக்குகள் செரிக்காமல் அப்படியே தெரிகின்றன. 24ஆம் நாளுக்குள், கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய்களின் அடியில் நார்த்தூள் ஈரமாகிக் கட்டிதட்டிவிடுகிறது. சாவு அதிகம் இல்லை. ஆனால் 41ஆம் நாளில் சராசரி எடை 2.05 கிலோவைத் தாண்டவில்லை, ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கான எப்.சி.ஆர். 1.68இல் நிற்கிறது. இதனால் ஊக்கத்தொகை கைக்கு வருவதில்லை.

மருந்துக் கடைக்காரர் பிரீபயாடிக் திரவம் ஒன்றைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். நிறுவனத்தின் மேற்பார்வையாளரோ, தீவனத்திலேயே அது இருக்கிறது, தனியாகத் தேவையில்லை என்கிறார். என் கேள்விகள் இவை: பிரீபயாடிக்கும் புரோபயாடிக்கும் ஒன்றுதானா? கறிக்கோழியின் ஆயுளே ஆறு வாரம் எனும்போது, குடலில் அது வேலை செய்யக் காலம் போதுமா? தீவனத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லாததால் தண்ணீரில் மட்டும்தான் கொடுக்க முடியும். அதனால் பயன் உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்

வணக்கம். முதலில் சொல் விளக்கம். புரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர். பிரீபயாடிக் என்பது அந்த நுண்ணுயிருக்கான உணவு. கோழியின் சொந்தச் செரிமான நீர்களால் உடைக்க முடியாத, ஆனால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் தின்று பெருகக்கூடிய சர்க்கரைத் தொடர்களைத்தான் பெரும்பாலும் அப்பெயரால் அழைக்கிறோம். 1995ஆம் ஆண்டில் கிப்சன், ரோபர்ஃப்ராய்டு ஆகிய இருவர் இச்சொல்லை மனித உணவியலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கோழித் தீவனத் துறை அதை எடுத்துக்கொண்டது. சிக்கரி வேரிலிருந்து கிடைக்கும் இனுலின், அதன் சிறு துண்டுகளான ஃபிரக்டோ ஒலிகோசாக்கரைடு, ஈஸ்டின் செல்சுவரிலிருந்து எடுக்கப்படும் மன்னன் ஒலிகோசாக்கரைடு ஆகியவைதான் நம் சந்தையில் பரவலாக உள்ளவை. தொழிலில் பின்னதை எம்.ஓ.எஸ். என்பார்கள்.

இவ்விரு வகைகளும் செயல்படும் முறை வேறு வேறு என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. இனுலின் வகை சிறுகுடலில் செரிக்காமல் கடந்து, கோழிக்கே உரிய இரட்டைக் குருட்டுக்குடல்களுக்குப் போய்ச் சேர்கிறது. தீவனம் கோழியின் உடலைச் சில மணி நேரத்தில் கடந்துவிடும் என்றாலும், நீர்மமும் நுண்துகள்களும் மட்டும் அந்தக் குருட்டுக்குடல்களுக்குள் நுழைந்து நெடுநேரம் தங்கி நொதிக்கின்றன; நாளுக்குச் சில முறை பழுப்பு நிறத்தில் பசைபோல விழும் எச்சம் அங்கிருந்து வருவதுதான், அதை நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்த நொதித்தலில் உண்டாகும் பியூட்டிரிக் அமிலம் குடல் செல்களுக்கு நேரடியான எரிபொருள். அங்கே அமிலத்தன்மை கூடுவதால் சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் பெருகுவது கடினமாகிறது.

எம்.ஓ.எஸ். அப்படியல்ல; அது உணவாவதைவிடத் தூண்டில் இரையாகவே அதிகம் உதவுகிறது. ஈ.கோலை, சால்மொனெல்லா ஆகியவற்றின் மேலுள்ள நுண்ணிய மயிரிழைகள் குடல் சுவரில் இருக்கும் மன்னோஸ் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு ஒட்டுகின்றன. ஈஸ்ட் சுவரின் மன்னோஸ் எதிர்ப்பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடுகின்றன. 1989இல் அமெரிக்காவில் குடிநீரில் 2.5 சதவீதம் மன்னோஸ் கலந்து கொடுத்து, கறிக்கோழிக் குஞ்சுகளில் சால்மொனெல்லா தங்குவது குறைவதைக் காட்டினார்கள். லிட்டருக்கு 25 கிராம் மன்னோஸ் என்பது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. ஆகவேதான் மலிவான ஈஸ்ட் சுவர் அந்த இடத்தைப் பிடித்தது.

ஆறு வாரம் போதுமா என்ற கேள்விக்கு: போதும், ஆனால் முதல் வாரமே முக்கியம். தாய்க்கோழியின் கீழ் பொரிக்கும் குஞ்சு முதல் நாளே தாயின் எச்சத்தைக் கொத்தி நல்ல பாக்டீரியாக்களைப் பெற்றுவிடும். பொரிப்பகத்தில் பொரிக்கும் குஞ்சுக்குத் தாய் இல்லை. 1973இல் பின்லாந்தைச் சேர்ந்த நூர்மியும் ரன்டாலாவும் வளர்ந்த கோழியின் குடல் பொருளைக் குஞ்சுகளுக்குப் புகட்டி, அவை சால்மொனெல்லாவை எதிர்ப்பதைக் காட்டினார்கள். குடல் நலம் பற்றிய இன்றைய சிந்தனைகளில் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்தது. முதல் மூன்று நாட்கள் வழக்கமாகவே ஆன்டிபயாடிக் ஓட்டும் பண்ணைகளில், குடியேற வந்த நல்லவர்களையும் சேர்த்து விரட்டிவிட்டுப் பிறகு அவர்களுக்கு விருந்து வைப்பது போலத்தான் பிரீபயாடிக் கொடுக்கப்படுகிறது.

இனி உங்கள் பண்ணைக்கு வருகிறேன். 18 முதல் 24 நாள் என்ற அந்தக் காலக்கணக்கே எனக்கு ஐயத்தைத் தருகிறது. லிட்டரில், அதாவது தரையில் பரப்பிய நார்த்தூளில், காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணியின் முட்டைகள் சுற்றுக்குச் சுற்று பெருகி உச்சம் தொடும் வயது மூன்றாவது, நான்காவது வாரம்தான். ரத்தக்கழிச்சல் வந்தால்தான் காக்சிடியா என்று பலர் எண்ணுகிறார்கள். குருட்டுக்குடலைத் தாக்கும் ஐமீரியா டெனெல்லா போன்ற சில காக்சிடியா இனங்களில்தான் ரத்தம் அப்படி வெளிப்படையாகத் தெரியும். சிறுகுடலின் மேற்பகுதியைத் தாக்கும் அசெர்வுலினாவிலும் நடுப்பகுதியைத் தாக்கும் மேக்சிமாவிலும் சாவு குறைவு. தீவனம் செரிக்காமல் வருவதும் எடை தேங்குவதும்தான் அடையாளம். நீங்கள் எழுதியிருப்பது அதேதான். மேலும், காக்சிடியா புண்ணாக்கிய குடலில் கசியும் புரதமும் சளியும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்னும் கெட்ட பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. பிரீபயாடிக் காக்சிடியாவைக் கொல்லாது.

எனவே, கடைக்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், 20ஆம் நாள் வாக்கில் நான்கைந்து கோழிகளை நிறுவன மருத்துவரின் முன்னிலையில் அறுத்துக் குடலை முழு நீளமும் திறந்து பாருங்கள். செத்த கோழியைவிட, சோர்ந்திருக்கும் உயிர்க்கோழியே சரியான சான்று. செத்தபின் சில மணி நேரத்தில் குடல் தானாகவே அழுகிப் பொய் சொல்லத் தொடங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உங்கள் பகுதித் தண்ணீரில் உப்பு மிகுதி. மெக்னீசியமும் சல்பேட்டும் கூடினால் எந்த நோயும் இல்லாமலே எச்சம் இளகும்.

தீவன ஆலைப் பணியாளர்

மருத்துவர் ஐயா கூறியதோடு பணக் கணக்கையும் சேர்க்க விரும்புகிறேன். நான் ஒரு தீவன ஆலையில் கலவைப் பிரிவில் இருக்கிறேன்.

மேற்பார்வையாளர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எம்.ஓ.எஸ். பொதுவாக டன்னுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை சேர்க்கப்படுகிறது. குஞ்சுத் தீவனத்தில் கூடுதலாகவும் இறுதித் தீவனத்தில் குறைத்தும் போடுவது வழக்கம். அதைத் தவிர, மக்காச்சோளமும் சோயாவும் கலந்த நம் தீவனத்தில் இயல்பாகவே பிரீபயாடிக் போன்ற பொருள்கள் உண்டு. சோயாவின் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகியவற்றைக் கோழியால் செரிக்க முடியாது. அவையும் குருட்டுக்குடலுக்குப் போய் நொதிக்கின்றன. தானியத்தின் நார்ப்பகுதியை உடைக்க நாங்கள் சேர்க்கும் சைலனேஸ் நொதியும், வேலை செய்யும்போதே சிறு சர்க்கரைத் துண்டுகளை உண்டாக்குகிறது. ஆக, உங்கள் கோழிகளுக்கு இப்பொருள் புதிதல்ல. அளவு மிஞ்சினால் வாயு, இளகிய எச்சம், ஈர லிட்டர் என்று நீங்கள் தவிர்க்க விரும்பும் அதே நிலைக்கே அது கொண்டுபோய் விடும்.

5,000 கோழிகள், 2.1 கிலோ எடை, எப்.சி.ஆர். 1.62 என்று வைத்துக்கொண்டால், கோழி ஒன்று 3.4 கிலோ தின்கிறது; மொத்தம் 17 டன். டன்னுக்கு ஒரு கிலோ வீதம் 17 கிலோ எம்.ஓ.எஸ். தேவை. கிலோ 300 ரூபாய் என்று கொண்டால் 5,100 ரூபாய். இதனால் எப்.சி.ஆர். 0.02 குறைகிறது என்று தாராளமாகவே வைப்போம். கோழிக்கு 42 கிராம், மொத்தம் 210 கிலோ தீவனம் மிச்சம். தீவனம் கிலோ 40 ரூபாய் என்றால் 8,400 ரூபாய். விலைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். நான் காட்ட விரும்புவது வேறொன்று. அந்த 8,400 ரூபாய் யாருடையது? தீவனம் நிறுவனத்தினுடையது என்பதால் மிச்சமும் முதலில் அவர்களுக்கே சேர்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் எப்.சி.ஆர். எந்த எண்ணுக்குக் கீழே போனால் கிலோவுக்கு எத்தனை பைசா கூடுதலாகத் தருகிறார்கள் என்ற அட்டவணையைப் பாருங்கள். 1.68 என்பது 1.66 ஆகி, அது அடுத்த படியைத் தொடாவிட்டால், மருந்துச் செலவு உங்களுடையதாகவும் வரவு மற்றவருடையதாகவும் முடியும்.

ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுத்தமான ஆய்வுக் கொட்டகையில் புது லிட்டரில் வளர்த்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரிவதில்லை. நோய்க்கிருமி வேண்டுமென்றே புகட்டப்பட்ட கோழிகளிலும், நெருக்கடியும் வெப்பமும் உள்ள இடங்களிலும் வேறுபாடு தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குகளைத் தீவனத்திலிருந்து முற்றிலும் விலக்கிய பிறகுதான் இப்பொருள்களுக்குப் பெரிய சந்தை பிறந்தது. நம் நாட்டிலும் 2019 ஜூலையில் உணவு விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக் தடை செய்யப்பட்டது. ஆன்டிபயாடிக்கை எடுத்த இடத்தில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டால் போதும் என்ற எதிர்பார்ப்பு விற்பனையாளர்கள் வளர்த்தது. ஐரோப்பாவில் பண்ணையாளர்கள் அதோடு கொட்டகை இடைவெளி, காற்றோட்டம், காக்சிடியா தடுப்பு அனைத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

உடுமலைக் கோழி விவசாயி

அண்ணா, தண்ணீரில் கொடுப்பது பற்றி என் சொந்த அனுபவத்தை எழுதுகிறேன். மற்றவற்றை மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள்.

ஒரு சித்திரை மாதப் பேட்ச்சில் நானும் இப்படியொரு இனிப்புத் திரவத்தை 15ஆம் நாளிலிருந்து நிப்பிள் குழாய்களில் தொடர்ந்து ஓட்டினேன். பத்து நாள் கழித்துக் குழாயின் கடைசி மூடியைத் திறந்தபோது, அரிசி கழுவிய தண்ணீர் புளித்தது போன்ற வாடையோடு வழவழப்பான பாசி வழிந்தது. சர்க்கரைப் பொருள், வெயிலில் சூடேறும் குழாய், மெல்ல நகரும் தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பாக்டீரியாக்கள் கோழியின் குடலுக்குப் போகும்வரை காத்திருக்குமா? நிப்பிள்கள் சில ஒழுகின, சில அடைத்துக்கொண்டன. ஒழுகிய இடத்தில் லிட்டர் நனைந்தது. அடைத்த இடத்தில் கோழி தாகத்தில் தவித்தது. பேட்ச் முடிந்து ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் குழாய்களை ஊறவைத்துக் கழுவிய பிறகே சரியானது.

எம்.ஓ.எஸ். பொடியைத் தண்ணீரில் கலக்க முயல வேண்டாம். ஈஸ்ட் சுவர் கரையாது. தொட்டியின் அடியில் படியும், வடிகட்டியை அடைக்கும். கரையும் வகையைக் கொடுத்தே தீர வேண்டுமென்றால், முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு வைக்கும் கைத்தண்ணீர்க் குவளைகளில் காலையில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மட்டும் வைத்து, குடித்து முடிந்ததும் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் நாட்டுக்கோழிக்கு மோர் வைப்பதும் சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவதும் அப்பா காலத்திலிருந்தே உண்டு. அதையும் பிரீபயாடிக் என்கிறார்களே, அது சரியா என்று மருத்துவர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்

உங்கள் அப்பா செய்தது பொருளற்றதல்ல. கோழிக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் நொதி கிடையாது. பறவைகள் பால் குடித்து வளர்பவை அல்லவே. ஆகவே மோரில் எஞ்சியிருக்கும் லாக்டோஸ் செரிக்காமல் குருட்டுக்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அந்த வகையில் கோழிக்கு லாக்டோஸ் ஒரு பிரீபயாடிக்தான், மாட்டுக்கன்றுக்கு அல்ல. அளவு மிஞ்சினால் கழிச்சலும் அதே காரணத்தால்தான் வரும். மோரை நிப்பிள் குழாயில் விடவே கூடாது; நீங்கள் பட்டதுதான் மறுபடியும் நடக்கும். தடுப்பூசி நாளில் தண்ணீரில் லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் வரை கொழுப்பு நீக்கிய பால்பொடி போடுவது குளோரினை முறிக்கத்தானே தவிரக் குடலுக்காக அல்ல; அந்தக் கலவையையும் தடுப்பு மருந்து முடிந்தவுடன் குழாயிலிருந்து அலசி வெளியேற்றிவிட வேண்டும்.

வெங்காயத்திலும் பூண்டிலும் இனுலின் வகைச் சர்க்கரை இருப்பது உண்மை. ஆனால் முற்றத்தில் மேயும் பத்துக் கோழிக்கு ஒரு கைப்பிடி போடுவதும் 5,000 கறிக்கோழிக்கு அளவு காண்பதும் ஒன்றல்ல.

இன்னொரு குறிப்பு. குளோரின் கலந்த தண்ணீர் புரோபயாடிக்கைக் கொல்லும், ஆன்டிபயாடிக்கும் கொல்லும். பிரீபயாடிக் உயிரற்ற பொருள் என்பதால் இரண்டும் அதைக் கெடுப்பதில்லை, உருண்டைத் தீவனம் செய்யும்போது ஏற்படும் சூட்டையும் அது பெரும்பாலும் தாங்கிவிடுகிறது. தீவனம் வழியாகக் கொடுப்பதே அதற்கு ஏற்றது என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல்லடம் பண்ணையாளர்

அனைவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்; நடப்புப் பேட்ச் 21ஆம் நாளை எட்டும்வரை காத்திருந்தேன்.

நிறுவன மருத்துவர் வந்து ஐந்து கோழிகளைத் திறந்து பார்த்தார். மூன்றில் சிறுகுடலின் மேற்பகுதியில் ஏணிப்படி போன்ற வெண்கோடுகள் இருந்தன. ஒன்றில் நடுக்குடல் உப்பி, ஆரஞ்சு நிறச் சளி காணப்பட்டது. அவரே காக்சிடியாதான் என்று கூறி மருந்து கொடுத்தார். தீவனத்தில் உள்ள தடுப்பு மருந்தை நெடுநாட்களாக மாற்றாமல் இருப்பதை அலுவலகத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். தண்ணீர் அறிக்கையும் வந்துவிட்டது. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், கடினத்தன்மையும் மிகுதி. ஆக, ஒரே எச்சத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்திருக்கின்றன. நான் மூன்றாவதாக ஒன்றை விலைக்கு வாங்கி ஊற்றப் போனேன்.

குழாயின் கடைசி மூடியையும் திறந்து பார்த்தேன். இதுவரை எந்த இனிப்புத் திரவமும் ஓட்டாத என் குழாயிலும் பாசி இருந்தது. வைட்டமின் மருந்துகளால் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மேற்பார்வையாளரிடம் பேசியதில், அடுத்த பேட்ச்சின் குஞ்சுத் தீவனத்தில் மட்டும் ஒரு கொட்டகைக்குக் கூடுதல் எம்.ஓ.எஸ். சேர்த்து அனுப்பிப் பார்ப்பதாக நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. இரண்டு கொட்டகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது நான் எவற்றைக் குறித்து வைக்க வேண்டும்?

தீவன ஆலைப் பணியாளர்

ஒரே பொரிப்பகத்தில், ஒரே தாய்க்கோழிக் கூட்டத்திலிருந்து வந்த குஞ்சுகளை இரண்டுக்கும் சமமாகப் பிரித்து விடச் சொல்லுங்கள்; இது இல்லாவிட்டால் மற்றது எதுவும் பயன்படாது. 7, 14, 21, 28ஆம் நாட்களில் ஒவ்வொரு கொட்டகையிலும் நூறு கோழிகளையாவது, வாசலருகே மட்டும் பிடிக்காமல், நான்கு மூலைகளிலும் நடுவிலும் பிடித்து எடை போடுங்கள். தீவனப் பைகளைத் தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு கொட்டகையில் தீர்ந்ததும் மற்றதிலிருந்து இரண்டு பை கடன் வாங்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருப்பதால்தான் பாதிச் சோதனைகள் வீணாகின்றன. நிப்பிளின் அடியிலிருந்து லிட்டரை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி.

ஒரு பேட்ச்சோடு முடிவுக்கு வராதீர்கள். மேற்கு வெயில் படும் கொட்டகை எப்போதுமே கொஞ்சம் பின்தங்கும். அதற்கடுத்த பேட்ச்சில் கூடுதல் எம்.ஓ.எஸ். சேர்த்த தீவனத்தை மற்றக் கொட்டகைக்கு மாற்றிப் போட்டு, அப்போதும் அதே பக்கம் எடை கூடுகிறதா என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.